மதுரை வரும் வரை அடிக்கக் கூடாது

1

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை பிற்பகல், அடிலெய்டு நகரத்தில் நான் படிக்கும் இசைக் கல்லூரியில், ஒரு ஒத்திகையை முழுசாகக் கெடுத்தேன். எனக்கு வயது நாற்பத்திரண்டு. இரண்டு வருஷப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி. இந்த வயதில் ஒன்றைக் கெடுத்தால் அரைகுறையாகவா கெடுப்பார்கள்?

நடந்தது இதுதான். முப்பத்தெட்டுப் பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ரா. வயலின் பிள்ளைகள் முன்னால், குழல் வகையறா நடுவில், தாள வாத்தியங்கள் கடைசி வரிசையில். என் எதிரே என் மார்பு உயரத்துக்கு ஒரு பாஸ் டிரம். நடத்துகிறவர் மார்கரெட். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, குரலை உயர்த்தவே மாட்டார். அதனால்தான் எல்லாருக்கும் அவரிடம் பயம். வயலின்கள் வாசிக்கிறார்களா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு மெதுவாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில், மார்கரெட் இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கி இரண்டு தடவை ஆட்டினார். புல்லாங்குழல் வாசிக்கும் பெண்ணிடம், "பொறு, இன்னும் மெதுவாக" என்கிறார். எனக்கு அது தெரியாதா? தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை.

ஊரில் கல்யாண மேடையில் ஒருவர் அப்படி விரலைத் தூக்கி ஆட்டினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசித்துக்கொண்டிருக்கிற ராகம், தாளம் எல்லாம் அப்படியே கிடக்கட்டும், இனி யோசனையே வேண்டாம், அடி. நான் ஆறு வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் மேளச் செட் ஒன்றில் தவில் வாசித்தவள். முகூர்த்த மாதங்களில் காலையில் ராஜபாளையம், பகலில் சுந்தரபாண்டியம் என்று ஓடியிருக்கிறேன். அந்த விரலுக்காகக் காத்திருந்தே பழகிய கை. அடித்தேன்.

பாஸ் டிரம்மில், இரண்டு கையாலும், கெட்டிமேளம். புல்லாங்குழல்காரியின் நோட்டுத் தாள்கள் பறந்தன. செல்லோ வாசிக்கும் பிள்ளை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். எட்டு அடி போட்ட பிறகுதான் இங்கே யாரும் யாருக்கும் தாலி கட்டவில்லை என்பது எனக்கு உறைத்தது.

மார்கரெட் குச்சியைக் கீழே வைத்தார். "கோதை, அது என்ன?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

ஒத்திகை முடிந்து அவருடைய அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். தாலி ஏறும் நேரத்தில் ஒரு தும்மல், ஒரு அழுகை, ஒரு கெட்ட சொல் காதில் விழக்கூடாது, அதற்காக மற்ற எல்லாச் சத்தத்தையும் மூடுகிற மாதிரி அடிப்போம், விரல் ஆடினால் அதுதான் உத்தரவு என்றேன். மார்கரெட் சிரிக்கவில்லை. முழுசாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அருமையான வழக்கம். ஆனால் என் அரங்கில் யாராவது தும்மினால் அந்தத் தும்மல் கேட்கட்டும். அதை மூடுவது உங்கள் வேலை இல்லை. எண்ணுவதுதான் உங்கள் வேலை."

அதன் பிறகு இன்னொன்றும் சொன்னார். இன்னும் மூன்று வாரத்தில் ஆர்க்கெஸ்ட்ராத் தேர்வு. இன்னொரு தடவை இப்படி நடந்தால் என்னை மேடையில் நிறுத்த மாட்டார். அடுத்த வருஷம் திரும்பப் படிக்க வேண்டும். எனக்கு அடுத்த வருஷம் கிடையாது. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லித்தரும் வேலை ஒன்று காத்திருக்கிறது. சான்றிதழ் கையில் இருந்தால் தை மாதம் சேரலாம், இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துவிடுவோம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது, அழுகை வரவில்லை. அதுவே நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டேன்.

2

நான் தவில் குடும்பத்தில் பிறந்தவள் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். பேட்டி எடுக்க வந்த கல்லூரிப் பத்திரிகைப் பெண் அப்படியே எழுதிவிட்டாள். ஒரு மண்ணும் கிடையாது. வன்னியம்பட்டியில் எங்களுக்கு நிலமும் கிணறும்தான். அப்பாவுக்கு மோட்டார் ஓடுகிற சத்தம் ஒன்றுதான் சங்கீதம்.

பிளஸ் டூவில் எனக்கு வந்த மார்க்குக்குக் கிருஷ்ணன்கோவில் இன்ஜினியரிங் எட்டாது. ஓரளவு பாடுவேன் என்பதால் மதுரையில் இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டுக்கு விண்ணப்பம் வாங்கப் போனேன். அங்கிருந்த கிளார்க் தலையைத் தூக்காமலே, "பாட்டுல இடம் முடிஞ்சுபோச்சும்மா. தவில்ல இருக்கு" என்றார். என் பக்கத்தில் நின்ற அப்பா, "வாத்தா, வீட்டுக்குப் போவோம்" என்று என் கையைப் பிடித்தார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தன் சிரித்தான். அவன் மட்டும் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் வீட்டுக்குத்தான் போயிருப்பேன். "தவில்னே போடுங்க சார்" என்றேன்.

அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும், "உம் மக கொட்டடிக்கப் போறாளாம்" என்றார். ஆனால் சேர்க்கைப் பணத்தை மறுநாள் அவர்தான் கொண்டுபோய்க் கட்டினார்.

கல்லூரி என்றால் என் நினைவில் முதலில் வருவது பஸ்தான். ராஜபாளையத்திலிருந்து மதுரை போகிற வண்டி விடிந்ததும் விடியாததுமாக, எங்கள் ஊர்ப் பாதை பிரிகிற வன்னியம்பட்டி விலக்குக்கு வரும். அதில் நான், என் சோற்றுத் தூக்கு, சாக்குத் துணியில் சுற்றிய தவில். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம். போகும்போதும் வரும்போதும் அது என் மடியில்தான். ஒரு தடவை, விரல் தானாக ஒரு சின்னத் தட்டு தட்டிவிட்டது. முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் பதறி எழுந்து, "எந்த ஊருல தாயி கல்யாணம்?" என்றார். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "மதுரை வர வரைக்கும் அதத் தொடக்கூடாது பாப்பா, சொல்லிப்புட்டேன்" என்றார். அதற்கப்புறம் மூன்று வருஷமும் பஸ்ஸில் நான் அதைத் தட்டவில்லை.

வீட்டில் பழகுவது அதைவிடப் பெரிய பாடு. நான் வாசித்தால் எருமை பாலைக் கட்டிக்கொள்கிறது என்று அம்மா ஒரே சத்தம். கடைசியில் கிணற்றடி மோட்டார் ரூமுக்குப் போனேன். மும்முனைக் கரண்ட் விடுகிற நேரமும் நான் பழகும் நேரமும் ஒன்று. மோட்டார் ஓடினால் நான் அடிப்பது பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்காது, கேட்டால்தானே கிண்டல்? கரண்ட் போனால் நானும் நிறுத்திவிடுவேன். மூன்று வருஷப் படிப்பில் பாதி, ஏழரை ஹெச்.பி. மோட்டாரோடு போட்டி போட்டுப் படித்தது. என் அடி கொஞ்சம் பலமாக இருப்பதற்குக் காரணம் கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

3

கல்யாணம் ஆகி, இரண்டு வயது மகளோடு இங்கே வந்து பதினான்கு வருஷம். பன்னிரண்டு வருஷம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டிப் பகுதியில் நின்றேன். தவில் ராஜபாளையத்தில் என் அக்கா ரெங்கநாயகி வீட்டுப் பரணில் கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அக்கா மகன் கல்யாணத்துக்குப் போனபோது அதை இறக்கித் துடைத்து, தோல் வாரை இழுத்துக் கட்டி, கூடவே கொண்டுவந்தேன்.

விமான நிலையத்தில் தோல் பொருள் என்று நிறுத்திவிட்டார்கள். "எந்த விலங்கு?" என்றார் அதிகாரி. ஒரு பக்கம் ஆடு, மறு பக்கம் எருமை என்றேன். "ஆட்டுக்கு ஏதும் நோய் இருந்ததா?" என்றார். நல்ல மனிதர், கேட்க வேண்டியதைக் கேட்கிறார். ஆனால் அந்த ஆட்டை நான் எங்கே போய் விசாரிப்பேன்? தவில் மூன்று வாரம் மருந்து அடித்த அறையில் இருந்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசத்தோடு வீடு வந்து சேர்ந்தது.

அதற்கடுத்தது என் சான்றிதழ். இசை சொல்லித்தர வேண்டும் என்றால் மதுரையில் படித்ததை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கணினியில் ஒரு படிவம். எந்த வாத்தியம் என்று ஒரு பட்டியல் விரிகிறது. அதில் தவில் இல்லை. உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். "கையால் அடிப்பதா, குச்சியால் அடிப்பதா?" என்றது ஒரு பெண் குரல். "ஒரு கையில் குச்சி, ஒரு கையில் விரல்களில் மாட்டும் கூடு" என்றேன். "இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்" என்றாள். அன்றைக்கு நான் போனில் பேசிய தமிழ் அவளுக்குப் புரியாமல் போனது நல்லதாகப் போயிற்று. ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. என் மூன்று வருஷப் படிப்பு, பொழுதுபோக்குப் பயிற்சிக்குச் சமமாம்.

சரி, முதலிலிருந்தே படிக்கிறேன் என்று சேர்ந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் முருகேசன், அவரும் நம்ம பக்கத்து ஆள்தான். "ஒனக்கு ஆசைன்னா படி. ஆனா பாதில விட்டுட்டு வந்து எங்கிட்ட பொலம்பக்கூடாது" என்றார். நான் எதைப் பாதியில் விட்டேன், சொல்லட்டும் பார்ப்போம்.

பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு படிப்பதில் பெருமை சிறுமை ஒன்றுமில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. கண்ணாடி போட்டால் நோட்டு தெரிகிறது, மார்கரெட் கலங்கித் தெரிகிறார். கழற்றினால் மார்கரெட் தெரிகிறார், நோட்டில் எறும்பு ஊர்கிறது. பழகும் அறைக்குப் பத்து நாள் முன்பே பதிய வேண்டும், ஐம்பது நிமிஷம் ஆனதும் கதவைத் தட்டிவிடுவார்கள். உள்ளே போகும்போது காதடைப்பான் போட்டே ஆக வேண்டும் என்று தனியாக ஒரு வகுப்பு எடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். காதை அடைத்துக்கொண்டு மேளம் அடிப்பதை நான் இந்தத் தேசத்தில்தான் பார்த்தேன். முதல் வாரம் மறுத்தேன், இரண்டாம் வாரம் போட்டுக்கொண்டேன், இப்போது காதடைப்பான் இல்லாமல் உள்ளே போவதில்லை. அவர்கள் சொன்னது சரி. ஊரில் என்னோடு வாசித்தவர்களில் பாதிப் பேருக்கு நாற்பது வயதிலேயே காது மந்தம்.

வீட்டில் சோபாத் திண்டின் மேல்தான் பழகுகிறேன். அதற்கும் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, உங்கள் துணி துவைக்கும் இயந்திரம் ஆடுகிறது, ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இவை எல்லாவற்றையும் சமாளித்துவிட்டேன். நோட்டு வாசிக்கக் கற்றேன், கட்டுரை எழுதினேன், வகுப்பில் தாளக் கணக்கு என்று வந்துவிட்டால் என்னை யாரும் அசைக்க முடியாது. ஐந்தையும் ஏழையும் நான் கோர்த்து வாயால் சொன்னால் பிள்ளைகள் செல்போனில் பதிவு செய்துகொள்கிறார்கள். எனக்கு வராத ஒன்றே ஒன்று, அடிக்காமல் நிற்பது.

தேர்வுக்கு வைத்திருந்தது எங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவரே எழுதிய இசை. அதில் நடுப்பகுதியில் எனக்கு அறுபத்து மூன்று பார் ஓய்வு. பார் என்பது அவர்கள் கணக்கில் ஒரு சுற்று. நான்கு நிமிஷத்துக்கு மேல் டிரம்முக்குப் பக்கத்தில் சும்மா நிற்க வேண்டும். அறுபத்து நான்காவது சுற்றின் முதல் தட்டில் ஒரே ஒரு அடி, அதுவும் மெதுவாக. தொடையில் தாளம் போட்டு எண்ணலாம் என்றால் மார்கரெட் அதையும் தடுத்துவிட்டார், பார்ப்பவர்கள் கவனம் சிதறுகிறதாம். மனசுக்குள் எண்ணினால் நாற்பதைத் தாண்டும்போது எங்கேயோ போய்விடுகிறேன். தவிலில் யார் நாலு நிமிஷம் சும்மா நின்றிருக்கிறோம்? நாதஸ்வரம் மூச்சு வாங்கினால் அந்த இடைவெளியையும் நாம்தான் நிரப்புவோம்.

4

என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. அவள் இங்கேயே வளர்ந்த பிள்ளை. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். நான் பஸ் நிறுத்தத்தில் வாய்க்குள் ஜதி சொன்னால் பத்தடி தள்ளிப் போய் நிற்பாள். கல்லூரிப் பையை மாட்டிக்கொண்டு நான் கிளம்பும்போது, "மா, ப்ளீஸ், என் ஸ்கூல் வழியா போகாத" என்பாள். எனக்குக் கோபம் வராது என்று சொன்னால் பொய். வரும். ஆனால் மோட்டார் ரூமில் ஒளிந்து பழகினவள், இன்னொருத்தி ஒளிவதைக் குறை சொல்ல முடியுமா?

அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ரகசியம் உண்டு. அக்கா மகன் கல்யாணத்தில் நடந்தது. ராஜபாளையத்தில் மண்டபம், நல்ல கூட்டம், அக்கா வீட்டுப் பக்கத்தில் இருக்கிற தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் உட்பட தெருவே வந்திருந்தது. பட்டுப்பாவாடையில் யாழினி மேடைக்குப் பக்கத்தில் என் அருகில் நிற்கிறாள். தாலியைக் கையில் எடுத்தாயிற்று. ஹோமப் புகை அவள் மூக்கில் ஏறிவிட்டது. அவள் தும்மினால் ஒன்றோடு நிற்காது, எப்போதும் மூன்று. மூன்றாவதில் கீச்சென்று ஒரு வால் இருக்கும். விரல் ஆடியது, மேளம் எழுந்தது, இவள் தும்மினாள். மூன்றும் அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டது.

கல்யாணம் முடிந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம். மண்டபத்துக் கழிப்பறையில் நின்று அழுகிறாள். யாரோ கிழவி, தாலி கட்டும்போது தும்மினால் ஆகாது என்று எதற்கோ பேசியதைக் கேட்டிருக்கிறாள். "நான் கெடுத்துட்டேனா மா?" என்றாள். அன்றைக்கு அவள் பேசியது தமிழ். "ஒரு காக்கா குருவிக்கும் கேக்கல. பக்கத்துல நின்ன எனக்கே ஒன் மொகத்தப் பாத்துத்தான் தெரிஞ்சது. அந்த மேளம் அதுக்குத்தான் இருக்கு" என்றேன். என் இடுப்பைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

அந்த வாரம்தான் நான் பரணிலிருந்து தவிலை இறக்கினேன்.

5

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்காவுக்குப் போன் செய்தேன். அக்கா ராஜபாளையத்தில் நைட்டி தைக்கும் கடை வைத்திருக்கிறாள். மெஷின் ஓட்டிக்கொண்டேதான் பேசுவாள்.

"ஆர்க்கெஸ்ட்ரான்னா நம்ம கோயில் பொங்கலுக்கு மேடை போட்டுப் பாடுவாவளே, அதுவாட்டி?"

"அது இல்லக்கா. இதுல பாட்டு கெடையாது. நான் செத்த நேரம் அடிக்கணும், பொறவு எம்புட்டோ நேரம் சும்மா நிக்கணும். அதுதான் வரமாட்டேங்கு."

மெஷின் நின்றது. அக்கா சிரித்தாள். அவள் சிரிப்பு ராஜபாளையத்திலிருந்து போன் இல்லாமலே கேட்கும்.

"ஏட்டி, சும்மா இருக்கதுக்கு ஒரு படிப்பா? அதுக்கு ஒரு பரீட்சையா?"

"சிரிக்காதக்கா. இதுல போச்சுன்னா வேலையும் போச்சு."

"சரி சரி, கோவப்படாத. மூணு வருசம் மதுரைக்குப் போனியே, பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு அடிச்சுக்கிட்டா போன? சும்மாதான போன? அந்த மாதிரி போயேன்."

சொல்லிவிட்டு மறுபடி மெஷினை ஓட்டத் தொடங்கிவிட்டாள்.

அறுபத்து மூன்று என்பது ஒன்பது ஏழு. பஸ்ஸில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் போனால் எப்படி? பஸ் கிளம்புகிற ராஜபாளையம் ஒரு ஏழு. வன்னியம்பட்டி விலக்கு ஒரு ஏழு. ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், அழகாபுரி, கல்லுப்பட்டி, திருமங்கலம், பசுமலை, மதுரை. விரல் விட்டு எண்ணினேன். சரியாக ஒன்பது. மதுரை ஏழும் ஓடி முடிந்து பஸ் நின்றதும் இறங்கி ஒரு அடி.

அடுத்த ஒத்திகையில் பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரம் தெரிந்தது, கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ்கள் வழியை மறித்தன, கல்லுப்பட்டியில் கண்டக்டர் டீ குடிக்க இறங்கினார். மதுரையில் சரியாக இறங்கி மெதுவாக அடித்தேன். மார்கரெட் என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார். நடுவில் அவர் விரலும் ஆடியது. ஆடட்டுமே, பஸ்ஸில் போகிறவளுக்கு என்ன?

6

தேர்வு அன்று இங்கே வசந்த காலம். ஊரெங்கும் வாட்டில் மரம் மஞ்சளாகப் பூத்துக் கொட்டும். நம் கருவேலத்துக்குத் தூரத்துச் சொந்தம் அது. யாழினிக்கு இந்த மாதம் முழுக்க மூக்கும் கண்ணும் சிவந்தே இருக்கும். காலையில் அவளிடம், "வாரியா?" என்று கேட்டேன். "நெட்பால் இருக்கு மா" என்றாள். சரி என்றேன். முருகேசன் மட்டும் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே நிற்கிறேன் என்றார். உள்ளே வந்தால் தனக்குப் படபடப்பாக இருக்குமாம்.

மூன்று தேர்வாளர்கள் முதல் வரிசையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பிள்ளைகளின் பெற்றோர். முதல் பகுதி நன்றாகப் போனது. பலமாக அடிக்க வேண்டிய இடங்களில் நான் யார் என்று காட்டினேன். பிறகு நடுப்பகுதி. மார்கரெட்டின் கை தாழ்ந்தது. வயலின்கள் மெல்லத் தொடங்கின. நான் ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன்.

வன்னியம்பட்டி விலக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர். கிருஷ்ணன்கோவில். அழகாபுரி. கல்லுப்பட்டியில் மூன்றாவது சுற்றில் வயலின்களும் அடங்கி, ஒரே ஒரு புல்லாங்குழல் மட்டும் மிச்சம் இருந்தது. அரங்கில் ஒருவர் நாற்காலியில் அசைந்தாலும் கேட்கும்.

பார்வையாளர்களின் கடைசி வரிசையிலிருந்து ஒரு தும்மல் வந்தது.

எனக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்தது வரும் என்று தெரியும். வந்தது. மார்கரெட்டின் ஆள்காட்டி விரல் உயர்ந்து ஆடியது. புல்லாங்குழல்காரிக்கு, பயப்படாதே, தொடர்ந்து வாசி என்கிறார். எனக்கு முன்னால் மார்பு உயர டிரம், கையில் குச்சி, கண்ணெதிரே ஆடுகிற விரல், அதற்குப் பின்னால் அரங்கின் கோடியில் என் பிள்ளை, அவள் மூக்கில் இன்னும் ஒரு தும்மல் பாக்கி. முன் வரிசையில் இரண்டு தலைகள் திரும்பி அவளைப் பார்க்கின்றன. என் தோளிலிருந்து கை கிளம்பிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. அவளை மூட ஒரு அடி போதும். ஒரே ஒரு அடி.

மூன்றாவதும் வந்தது, கீச்சென்ற வாலோடு. முழு அரங்குக்கும் கேட்டது.

கல்லுப்பட்டி ஐந்து, என்றேன் மனசுக்குள். கல்லுப்பட்டி ஆறு. கல்லுப்பட்டி ஏழு. திருமங்கலம். கண்ணில் நீர் கோர்த்துக்கொண்டு வந்தது, மார்கரெட் கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் கலங்கித் தெரிந்தார், அதற்கு மேலாகப் பார்த்தாலும் கலங்கித் தெரிந்தார். பரவாயில்லை, பஸ்ஸுக்குள் இருப்பவளுக்கு வழி தெரியும். பசுமலை. மதுரை ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு முடிந்து பஸ் நின்றது. ஒரு அடி அடித்தேன். மெதுவாக.

அந்த ஒரு அடியை என் உயிர் உள்ள வரை மறக்க மாட்டேன். வயலின்கள் எல்லாம் அதன் மேல் ஏறி எழுந்தன.

முடிந்து பிள்ளைகள் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது மார்கரெட் கடைசி வரிசைக்கு நடந்து வந்தார். "அறுபத்து நான்காவதில். சரியாக" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தேர்வாளர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிடுங்கள்" என்றார். "தும்மியது என் மகள்" என்றேன். "தெரியும். உங்கள் முகத்தைப் பார்த்தேன்" என்றார் மார்கரெட்.

7

யாழினி கார் நிறுத்துமிடத்தில் முருகேசன் பக்கத்தில் நின்றாள். நெட்பால் உடைதான், விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். கண், மூக்கு, காது எல்லாம் சிவப்பு.

"நான் கெடுத்துட்டேனா மா?" என்றாள். இரண்டு வருஷத்துக்கு முன் கழிப்பறையில் கேட்ட அதே கேள்வி, அதே தமிழ்.

"இல்ல. பாஸ் ஆயிட்டேன்."

"எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க."

"ஆமா, எல்லாருக்கும் கேட்டுச்சு. இந்தத் தடவ நல்லாவே கேட்டுச்சு."

"நீ அடிப்பனு நெனச்சேன்" என்றாள். "அவங்க விரலக் காட்டினாங்கல்ல? நீ அடிச்சிருவ, நீ ஃபெயில் ஆயிருவனு நெனச்சேன். ஏன் மா அடிக்கல?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த விரலின் அர்த்தம் தெரிந்த இன்னொரு ஆள் அந்த அரங்கில் இருந்திருக்கிறாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து எனக்காகப் பயந்திருக்கிறாள்.

"மதுரை வரல" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

காற்று அடித்து, சாலையோர வாட்டில் மரம் ஒரு கை மஞ்சளை எங்கள் மேல் உதறியது. யாழினியின் மூக்கு சுருங்கியது. வாய் திறந்தது. கார்களுக்கு நடுவே என்னோடு படிக்கிற பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் என்னை விட்டுப் பத்தடி தள்ளி நிற்கிறவள், நின்ற இடத்திலேயே நின்று, வலது கை ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேல் தூக்கி, என்னைப் பார்த்து வேகமாக ஆட்டினாள்.

இரண்டு கையாலும் காரின் பானட்டில் அடித்தேன். முருகேசன், "ஏ, பெயிண்ட் போயிரும்!" என்று கத்தினார், செல்லோக்காரப் பையன் ஓடி வந்து பார்த்தான், நான் நிறுத்தவில்லை. என் பிள்ளை மூன்று தடவையும் தும்மி முடித்தாள், மூன்றில் ஒன்றுகூட யாருக்கும் கேட்கவில்லை.